நவநாள் எண்ணெய்

எண்ணெயின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. அது எத்தனை மணி நேரத்தில் வருகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் பதினொரு வருஷமாக ஜெனிஷாவின் பிழைப்பு.

தர்மபுரியில் பென்னாகரம் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த உணவுப் பரிசோதனைக் கூடம். கூடம் என்று பெயர்தான் பெரிது. மொத்தம் மூன்று அறை, ஐந்து பேர். ஏசி ஓடுவது மெஷின்களுக்காகத்தான்; மனுஷர்கள் அதன் புண்ணியத்தில் கொஞ்சம் குளிர்ந்துகொள்ளலாம். மூலையில் இருக்கும் மெஷினில் எட்டுக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் மூன்று கிராம் எண்ணெய் ஊற்றி, நூற்றுப்பத்து டிகிரி சூட்டில் நிறுத்தி, விடாமல் காற்றை ஊதவேண்டும். நல்ல எண்ணெய் மணிக்கணக்கில் தாங்கும். கம்ப்யூட்டர் திரையில் கோடு தரையோடு தரையாகப் படுத்தே கிடக்கும். பிறகு ஒரு கட்டத்தில் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றோடு சேர்ந்து உடைய ஆரம்பிக்கும். அந்த ஆவி பக்கத்துக் குழாயிலுள்ள சுத்தமான தண்ணீரில் போய்க் கலக்கும். தண்ணீரில் மின்சாரம் ஓடத் தொடங்கும். அதுவரை படுத்துக் கிடந்த கோடு விறுவிறுவென்று ஏறும். ஏற ஆரம்பிக்கும் நேரம்தான் விடை.

மனுஷருக்கும் இப்படி ஒரு மெஷின் இருந்தால் தன் கோடு எப்போதோ ஏறியிருக்கும் என்று ஜெனிஷா நினைத்துக்கொள்வாள். வயது முப்பத்தாறு. புருஷன் அந்தோணி பிரகாஷுக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை வருவான், வந்ததும் தூங்குவான். காலையில் நின்றால் சாயங்காலம் வரை நிற்கிற வேலை அவளுக்கு. கணுக்கால் வீங்கிப் போவதைப் பற்றிப் புகார் சொல்வதைக்கூட அவள் விட்டு வெகுநாளாகிவிட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை. நானூற்றுப் பதினேழாம் நம்பர் மாதிரி ஒரு மணி நேரம் இருபத்து நாலு நிமிஷத்தில் கோடு ஏறியது.

மாதிரிகளுக்கு நம்பர்தான் உண்டு, பேர் கிடையாது. எந்தக் கம்பெனிக்கு, எத்தனையாவது தடவை, போன தடவை எவ்வளவு என்பதெல்லாம் சீட்டில் இருக்கும்; யாருடைய எண்ணெய் என்று மட்டும் சோதிப்பவருக்குத் தெரியக்கூடாது. ஆனால் இந்த பாட்டிலின் கழுத்தில் ஒரு பழுப்புக் கயிறு கட்டியிருந்தது. அந்தோணியார் கயிறு, கோயிலில் வேண்டிக்கொண்டு கட்டுவது. எண்ணெய் பாட்டிலுக்கு அந்தோணியார் கயிறு கட்டி அனுப்புகிற ஆட்கள் இந்த ஜில்லாவில் ஒரே இடத்தில்தான் இருப்பார்கள். அது கம்பைநல்லூருக்கு நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஜெனிஷாவின் பிறந்த ஊர். அங்கே பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய் ஆட்டுகிறார்கள். அவர்களுக்குத் தலைவி சுபா. ஜெனிஷாவின் அண்ணன் டேவிட்ராஜின் மனைவி. டேவிட்ராஜ் செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

"நானூத்திப் பதினேழு என்ன ஆச்சும்மா?" என்று கேட்டபடி மேனேஜர் சிவக்குமார் வந்தார்.

"ஒன்னு இருபத்தி நாலு சார்."

"கம்பெனிக்காரங்க ஆறு மணி நேரம் தாங்கணும்னு கேட்டாங்க இல்ல? போன தடவ எவ்ளோ?"

"மூணு பன்னெண்டு."

"இன்னும் கொறஞ்சிருக்கு!" சிவக்குமார் உதட்டைப் பிதுக்கினார். "பழைய எண்ணெயக் கலக்கறாங்களோ என்னமோ. மூணாவது சான்ஸ் ஒன்னுதான் பாக்கி. அதுவும் போச்சுன்னா லிஸ்ட்லேருந்து பேர அடிச்சிருவாங்க."

அது ஜெனிஷாவுக்குத் தெரியாதா? ஓசூர்ப் பக்கம் சிப்ஸ் வறுக்கிற ஒரு கம்பெனி மாசாமாசம் இரண்டாயிரம் லிட்டர் எண்ணெய் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. வறுக்கிற எண்ணெய் சூட்டில் தாங்கவேண்டும், அதற்குத்தான் இந்தச் சோதனை. மூன்று முறை மாதிரி தரலாம், மூன்றும் தோற்றால் நடையைக் கட்டவேண்டியதுதான். இந்த ஆர்டரை நம்பித்தான் பன்னிரண்டு பேரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார்கள். அது போனால் மறுபடி மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறவேண்டும்.

மத்தியானம் சுபா போன் செய்தாள்.

"ஜெனி, ரிசல்ட் வந்துச்சா?"

"ஆபீஸ்லேருந்து மெயில் வரும் அண்ணி. நான் சொல்லக்கூடாது."

"அப்ப இந்தத் தடவயும் போச்சு."

சுபா கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"நம்ம ஜெனி அங்கதான் இருக்கா, பயமில்லேன்னு எல்லார்கிட்டயும் நாந்தான் சொன்னேன். இப்ப ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா? அண்ணன் போனதுக்கப்பறம் அண்ணிக்காரி தலையெடுக்கறது நாத்தனாருக்குப் பொறுக்கலயாம். நீதான் வேணும்னே அமுக்கறியாம்."

"நீங்க என்ன நெனைக்கறீங்க அண்ணி?"

"நான் நெனைக்கறதுக்கெல்லாம் தெம்பு இல்ல ஜெனி." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள்.

ஜெனிஷா கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று அழுதாள். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். பதினொரு வருஷத்தில் ஒருமுறைகூட ஒரு நிமிஷத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதியவள் இல்லை அவள். அண்ணிக்காகக் கூட்டி எழுதலாமா என்று போன தடவை ஒரு கணம் தோன்றியது உண்மை. தோன்றியதற்கே அன்று இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்துக் குறைத்து எழுதினாள் என்கிறார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் மளிகைக் கடையில் ஏறினாள். துவரம்பருப்பு வாங்கப் போனவள் கண்ணில் அலமாரியில் இருந்த எண்ணெய் பாட்டில் பட்டது. 'அந்தோணியார் மகளிர் குழு, மரச்செக்குக் கடலை எண்ணெய்' என்று லேபிள். ஆட்டிய தேதியைப் பார்த்தாள். மாதிரி பாட்டிலில் இருந்த அதே தேதி. ஒரு லிட்டர் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் எட்டுக் குழாய்களில் ஒன்று காலியாக இருந்தது. சிவக்குமாரிடம் சொல்லிவிட்டுக் கடை எண்ணெயை அதில் ஊற்றினாள். ஒரு மணி இருபத்து நாலு நிமிஷம் ஆயிற்று. கோடு அசையவில்லை. மூன்று மணி நேரம். அசையவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, நாலு வாய் தின்று, மூடினாள். ஐந்து மணி நேரம் ஆனபோது அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆறு மணி நேரம் நாற்பத்தொரு நிமிஷத்தில்தான் அந்தக் கோடு எழுந்தது.

எண்ணெய் நல்ல எண்ணெய். கெட்டது அந்த பாட்டிலில் வந்தது மட்டும்தான். செக்கிலிருந்து இந்த மேஜைக்கு வருவதற்குள் அதற்கு என்னவோ நடக்கிறது. ஜெனிஷாவுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. சிவக்குமாரிடம் போய்ச் சொன்னாள்.

"ஒரே நாள் ஆட்டின எண்ணெய் சார். இது ஆறு நாப்பத்தொன்னு, அது ஒன்னு இருபத்தி நாலு. மாதிரி எடுக்கறதுலதான் கோளாறு. மூணாவது மாதிரிய நாமளே நேர்ல போய் எடுக்கலாம், ரூல்ஸ்ல எடம் இருக்கு."

"அப்ப நீயே போய்ட்டு வா."

"அவங்க என் அண்ணியோட குழு சார். கயிறப் பாத்தே கண்டுபிடிச்சுட்டேன், மொதல்லயே சொல்லியிருக்கணும். நான் எடுத்துட்டு மட்டும் வரேன். சீல் வெச்சுத் தரேன். டெஸ்ட்ட நீங்க போடுங்க, நான் கிட்டவே வர மாட்டேன்."

சிவக்குமார் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "போற ஆளு நீ ஒருத்திதான் இருக்க. போ. கம்பெனிக்கு நான் எழுதிடறேன்."

கம்பெனியிடமிருந்து பதில் வந்தபின், அடுத்த வாரச் சனிக்கிழமை காலை, காபி நிறக் கண்ணாடி பாட்டில்கள் இரண்டைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கம்பைநல்லூர் பஸ்ஸில் ஏறினாள். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஊர் எல்லையில் இறங்கி நடந்தபோதே கடலைப் பிண்ணாக்கு வாசனை வந்தது. செக்குக் கொட்டகை கோயிலை ஒட்டித்தான். அந்தோணியார் கோயிலுக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரே ஒரு வேப்பமரம்.

கொட்டகையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். யாரும் வா என்று சொல்லவில்லை. ராயம்மாள் மட்டும் நிலக்கடலைப் பருப்பைப் புடைத்துக்கொண்டே வாயைத் திறந்தாள். குழுவில் மூத்தவள் அவள்தான், வாயிலும் மூத்தவள்.

"வாம்மா, டெஸ்ட்டுக்காரம்மா. எங்க எண்ணெயில இன்னும் என்ன கொற பாக்கணும்? நேர்லயே பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தியா?"

"மாதிரி எடுக்க வந்தேன் அத்த."

"ஏன், எங்க வூட்டு ஆளுங்க கொண்டாந்து குடுத்தா ஆவாதா?"

சுபா செக்குக்குப் பின்னாலிருந்து வந்தாள். இளைத்திருந்தாள். எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தண்ணி குடிக்கறியா?" என்று கேட்டாள். ஜெனிஷா தலையசைத்தாள். சுபா தண்ணீர் கொடுத்தாள். ஜெனிஷா நின்றபடியே குடித்து முடித்தாள்.

"மாதிரி ரெடியாத்தான் இருக்கு. வா, காட்டறேன்" என்று சொல்லி சுபா கோயிலுக்குள் நடந்தாள்.

கோயிலுக்குள் எதற்கு என்று ஜெனிஷாவுக்குப் புரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனாள். அந்தோணியார் சுரூபத்தின் காலடியில், விளக்குக்குப் பக்கத்தில், ஒரு செம்புக் குடம் இருந்தது. பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். கழுத்தில் அதே பழுப்புக் கயிறு. வயிற்றில் எழுத்து வெட்டியிருந்தது: 'டேவிட்ராஜ் நினைவாக. மனைவி சுபா.'

"மொத வருஷ நெனவுநாளுக்கு நாந்தான் குடுத்தேன்" என்றாள் சுபா. "ஆட்டற அன்னிக்கு மொத எண்ணெய் இதுலதான் ஊத்துவோம். அந்தோணியாருக்கு. அதுலேருந்து எடுத்துத்தான் வெளக்கேத்தறது. டெஸ்ட்டுக்குப் போறதையும் இதுலேருந்தே அனுப்பலாம்னு எல்லாரும் சொன்னாங்க. சாமிகிட்ட இருந்த எண்ணெய் தோக்குமா? மொத தடவ மூணு நாள் வெச்சு ஜெபம் பண்ணோம். தோத்துச்சு. ஜெபம் பத்தலன்னு ரெண்டாவது தடவ ஒம்போது நாள் நவநாள் வெச்சோம். எல்லாரும் ஒரு வேளை பட்டினி. அதுவும் தோத்துச்சு."

"இந்தத் தடவ?"

"பதிமூணு நாள். இன்னிக்குப் பத்தாவது நாளு. குடத்துல எண்ணெய் ஊத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவயும் உள்ளயும் வெளியயும் புளி போட்டு நாந்தான் தேய்ப்பேன். வேற யாரையும் வுட மாட்டேன்."

ஜெனிஷா குடத்தின் மூடியைத் தூக்கினாள். எண்ணெய் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. வாயின் உட்பக்கம், எண்ணெய் மட்டத்துக்குச் சற்று மேலே, ஆள்காட்டி விரலை வைத்து ஒரு சுற்று தடவினாள். விரல் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். பச்சை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பச்சை.

இதே கோயிலில் சின்னவளாக இருந்தபோது சனிக்கிழமைதோறும் விளக்குத் தேய்த்தவள் அவள். பித்தளை விளக்கில் தேங்கின எண்ணெய் பச்சையாகத்தான் இருக்கும். அதை வழித்துப் போட்டுவிட்டுப் புளியால் தேய்ப்பார்கள். செம்பு துளியூண்டு கரைந்தாலும் எண்ணெய்க்கு ஆகாது, சூட்டில் நிற்கவே நிற்காது. காலேஜில் படித்த பாடம். பரீட்சையில் அதற்கு இரண்டு மார்க். புளி போட்டுத் தேய்த்த செம்பு என்றால் இன்னும் மோசம், மேல்தோல் எல்லாம் போய் வெறும் உலோகமாக நிற்கும். மூன்று நாள் இருந்த எண்ணெய் மூன்று மணி தாங்கியது. ஒன்பது நாள் இருந்தது ஒன்றரை மணிகூடத் தாங்கவில்லை. பதிமூன்று நாள் என்றால்?

இவர்கள் ஜெபிக்க ஜெபிக்க எண்ணெய் கெட்டிருக்கிறது. பன்னிரண்டு பெண்கள் பட்டினி கிடந்து, முழங்கால் போட்டு, ஒவ்வொரு நாளாகக் கெடுத்திருக்கிறார்கள். சிரிப்பு வருகிற விஷயம்தான். ஜெனிஷா குடத்தைத் திரும்ப மூடினாள்.

அவள் அந்த எழுத்துகளைப் பார்த்தாள். டேவிட்ராஜ். அவளைவிட நாலு வயது மூத்தவன். பொய் சொல்லத் தெரியாதவன். வாயில் பொய் வருமுன்னே கை மூக்குக்குப் போய்விடும், புறங்கையால் ஒரு துடை துடைப்பான். அதனாலேயே அப்பாவிடம் ஒருநாளும் தப்பித்ததில்லை. அவன் பேர் வெட்டின குடம்தான் எண்ணெயைக் கெடுத்தது என்று எப்படிச் சொல்வது? புருஷன் போன வீட்டில் தன் கையால் தேய்த்துத் தேய்த்து வைத்திருக்கிறவளிடம் அதை எந்த வாயால் சொல்வது?

"அண்ணி, இதுலேருந்து வேணாம். நேரா செக்குலேருந்து எடுத்துக்கறேன்."

சுபாவின் முகம் மாறியது. "பத்து நாளு ஜெபிச்சிருக்கோம்."

"ரூல் அப்பிடி அண்ணி."

"ஜெபிச்சு அனுப்பினதே ரெண்டு தடவ தோத்துச்சு. ஜெபிக்காம அனுப்பினா என்னாவும்? கடைசி சான்ஸ் ஜெனி. ரூலுன்னா செக்கு எண்ணெயோட இதையும் பாதி கலந்து எடுத்துக்க."

பேச்சுச் சத்தம் கேட்டு ராயம்மாளும் மற்றவர்களும் கோயில் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "என்னாவாம் அவளுக்கு?" என்றாள் ராயம்மாள். "சாமி எண்ணெய் வேணாமாமா? டவுனுக்குப் போனதும் சாமியும் வேணாம்னு ஆயிடுச்சா?"

இனி நயமாகப் பேசிப் பிரயோஜனமில்லை என்று ஜெனிஷாவுக்குத் தெரிந்தது. பாதி கலந்தாலும் தோற்கும். நிஜமான காரணத்தைச் சொல்லாமல் இவர்களை நகர்த்த வேண்டுமானால், இன்னொரு காரணம் வேண்டும். கைவசம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"உங்க எண்ணெயில ஒன்னும் கொறயில்ல அத்த" என்றாள். "ரெண்டு தடவயும் தப்பு என் பேர்லதான். கண்ணாடிக் குழாய சோப்பு போட்டுக் கழுவுவோம். நான் சரியா அலசல. சோப்பு தங்கிடுச்சு. அதுல எண்ணெய் ஊத்தினதும் சீக்கிரம் கெட்டுப்போச்சு. ஆபீஸ்ல இப்பத்தான் கண்டுபிடிச்சாங்க." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதான் நேரா செக்குலேருந்து எடுத்தாரச் சொல்லியிருக்காங்க. இத டெஸ்ட் பண்றதுகூட நான் இல்ல. மேனேஜரே பண்றாரு."

ராயம்மாள் பேசினாள். பேசினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. குழாய் கழுவத் தெரியாதவளுக்கு எதற்குச் சம்பளம் என்றாள். பட்டினி கிடந்த வயிறு சும்மா விடாது என்றாள். இன்னொருத்தி, "சொந்தம்னு நம்பினோமே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஜெனிஷா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள். பதினொரு வருஷமாகக் குழாயை ஏழு தடவை அலசுகிறவள். அந்த ஒரு பெருமைதான் அவளிடம் இருந்தது, அதையும் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு நின்றாள்.

சுபா மட்டும் ஜெனிஷாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "செக்கப் போடுங்க. அவ எடுத்துட்டுப் போவட்டும்" என்றாள்.

செக்கு சுற்றியது. வழிந்த எண்ணெயை ஜெனிஷா நேராக பாட்டிலில் பிடித்து, மூடி, சீல் வைத்தாள். சுபா கையெழுத்துப் போட்டாள். இந்த முறை பாட்டிலுக்குக் கயிறு கட்டவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. பிறந்த ஊரிலிருந்து வெறும் வயிற்றோடு திரும்புவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு தர்மபுரி வரைக்கும் தூங்கினாள்.

திங்கட்கிழமை சிவக்குமாரிடம் மட்டும் செம்புக் குடத்தைப் பற்றி நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, "அடப்பாவமே" என்றார். பிறகு அவரே குழாயைக் கழுவி, அவரே எண்ணெயை ஊற்றினார். ஜெனிஷா பக்கத்து அறையில் மிளகாய்த்தூள் சோதனையில் இருந்தாள். அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை. காது மட்டும் அங்கேயே இருந்தது. மூன்றாவது மணியைத் தாண்டியபோது ஒருமுறை மிளகாய்த்தூளைக் கொட்டிவிட்டாள். கண்ணெல்லாம் எரிந்தது.

சாயங்காலம் நாலரைக்குச் சிவக்குமார் கதவருகே வந்து நின்றார். "ஆறு அம்பத்திரெண்டு" என்றார். "பாஸ்."

அவள் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சுபா வந்தாள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கவேண்டும் என்று வந்திருந்தாள். சிவக்குமார் எழுந்து நின்று கொடுத்தார். சுபா வாங்கி, படித்து, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஜெனியக் கொஞ்சம் கீழ கூட்டிட்டுப் போலாங்களா?" என்று கேட்டாள்.

டைல்ஸ் கடைக்குப் பக்கத்துச் சந்தில் நிழல் இருந்தது. மணி இரண்டு இருக்கும். சுபா ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குழு நெலச்சிடுச்சு ஜெனி. யாரும் பெங்களூரு போவ வேண்டியதில்ல."

"சந்தோஷம் அண்ணி."

"உங்கண்ணன் போன அன்னிக்குக் காலைல என்னா நடந்துச்சுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள் சுபா. "எந்திரிச்சப்பவே ஒரு மாதிரி இருந்தாரு. வேர்த்துக் கொட்டுச்சு. நெஞ்சு வலிக்குதான்னு கேட்டேன். இல்ல, வெறும் கேஸுன்னாரு. சொல்றப்ப மூக்கத் தொடச்சாரு. பொறங்கையால. எனக்குத் தெரியும் ஜெனி. பொய்யின்னு எனக்குத் தெரியும். அடுப்புல ஒல கொதிச்சுட்டு இருந்துச்சு, ஆளுங்க கள எடுக்க வந்து நின்னாங்க. சரி போவட்டும்னு வுட்டுட்டேன். பத்து மணிக்குக் காட்டுலேருந்து தூக்கிட்டு வந்தாங்க."

ஜெனிஷா அவள் கையைப் பிடித்தாள். சுபா விடுவித்துக்கொள்ளவில்லை.

"சனிக்கெழம கோயில்ல நீ சோப்பு தங்கிடுச்சுன்னு சொன்னப்ப, நீயும் தொடச்ச. அச்சு அசலா அவர மாதிரியே. அவரக் கேக்காம வுட்டேன். உன்னக் கேக்காம வுட மாட்டேன். என்னா ஆச்சு, சொல்லு."

தனக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறதென்று முப்பத்தாறு வருஷமாக ஜெனிஷாவுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு சொன்னாள். விரலில் ஒட்டின பச்சையை, புளியை, மூன்று நாளை, ஒன்பது நாளை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது சுபா அழுவாள் என்று எதிர்பார்த்தாள்.

சுபா அழவில்லை. "அவரு கொடமா" என்று மட்டும் சொன்னாள்.

"கொடத்து மேல தப்பில்ல அண்ணி. எண்ணெய்க்கு ஆவாது, அவ்ளோதான்."

"தண்ணி வெச்சா?"

"தண்ணிக்கு நல்லது. செம்புல தண்ணி வெச்சுக் குடிக்கறாங்களே எல்லாரும்."

"அப்ப தண்ணி வெக்கறேன். கோயிலுக்கு வர்றவங்க குடிக்கட்டும். வெயில்ல வேலை செஞ்சுட்டு வர்றப்ப அவருக்குத் தண்ணிதான் மொதல்ல வேணும்." சுபா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ராயம்மா அத்தகிட்டயும் மத்தவங்ககிட்டயும் நான் சொல்லிக்கறேன்."

"வேணாம் அண்ணி. பட்டினியெல்லாம் கெடந்திருக்காங்க. மனசு வுட்டுப் போவும்."

"போவட்டும். நீ ஊருக்கு வரணும் இல்ல?"

மேலே மாடியிலிருந்து யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மெஷினில் எட்டுக் குழாயும் ஓடிக்கொண்டிருந்தது. போகவேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மணி ரெண்டாயிடுச்சு. சாப்ட்டியா?" என்று கேட்டாள் சுபா.

"ஆச்சு அண்ணி, அப்பவே சாப்ட்டேன்" என்றாள் ஜெனிஷா.

கை தானாக மேலே எழுந்தது. மூக்குக்குப் போவதற்குள் சுபா அதை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டாள். "வா" என்று சொல்லி, எதிர்ப்பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு அவளை ரோட்டைத் தாண்டி அழைத்துக்கொண்டு போனாள்.